வலி நின்ன அன்னைக்குத்தான் கால் கெட்டுச்சு: ஹம்டா பாஸ் ட்ரெக்ல நடந்த ஒரு கேஸ்

இது எங்க ட்ரெக்கிங் குரூப்ல நடந்தது, ஈரத்துலயும் குளிர்லயும் ஒருத்தர் கால் மரத்துக் கெட்டுப்போன கதை. பாதிக்கப்பட்ட தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன், பேர் மட்டும் வேண்டாம்க்கான்னு சொன்னார், அதனால யார் பேரும் இதுல இல்ல, ஆளை அடையாளம் காட்டுற சில விவரத்தையும் விட்டுட்டேன். நடந்த வரிசை, நான் பண்ண தப்பு உட்பட, அப்படியே இருக்கு.

பின்னணி

மொத்தம் 11 பேர், பாதி சென்னை, மீதி கோயம்புத்தூர், தஞ்சாவூர் பக்கம். ஆகஸ்ட் முதல் வாரம். ஹிமாச்சல்ல ஹம்டா பாஸ்ங்கற மலைக் கணவாய்க்குப் போனவங்களுக்குத் தெரியும், மணாலிலேருந்து ஜீப்ல ஜோப்ரா வரைக்கும் போய், அங்கருந்து நடந்து சிக்கா, அடுத்த நாள் பாலு கா கேரா, மூணாவது நாள் சுமார் 4,270 மீட்டர்ல இருக்குற பாஸைத் தாண்டி அந்தப் பக்கம் சியாகோரு, நாலாவது நாள் சத்ருல ரோட்டைப் பிடிக்கணும். பாஸுக்கு இந்தப் பக்கம் குலு, பச்சைப் பசேல்னு மழை கொட்டும். அந்தப் பக்கம் லாஹௌல், மழை மறைவு, மண்ணு கலர்ல மொட்டை மலை. அதாவது நனையறதெல்லாம் முதல் மூணு நாள்லயே முடிஞ்சிடும், காயப்போட வெயில் கிடைக்கறது கடைசி நாள்லதான்.

நான் ஸ்டாஃப் நர்ஸ், ஐசியூல 14 வருஷம். குரூப்ல மெடிக்கல் விஷயம் எல்லாம் என் தலைல. மலை உச்சில வர்ற மூச்சுத்திணறல், தலைவலி, ஆக்சிஜன் குறையறது இதுக்கெல்லாம் நல்லா படிச்சிட்டுப் போயிருந்தேன், ரெண்டு வேளையும் எல்லாருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வச்சு நோட்ல எழுதுவேன். காலைப் பத்தி என் நோட்ல ஒரு வரி கூட இல்ல. சென்னைல வேலை பாக்குற நர்ஸுக்கு குளிர்ல கெட்ட கால் எங்க கண்ணுல படும்.

தம்பிக்கு 29 வயசு, ஐடி வேலை, ஜிம் போற உடம்பு, வேற வியாதி எதுவும் இல்ல. ஒரு நாளைக்கு நாலஞ்சு சிகரெட். ட்ரெக்குக்காகப் புதுசா கணுக்கால் உயரத்துக்கு வாட்டர்ப்ரூஃப் ஷூ வாங்கியிருந்தார், கடைல ஒரு மெல்லிசு சாக்ஸ் போட்டுப் பார்த்து சைஸ் எடுத்தது. மலைல குளிரும்னு ரெண்டு ஜோடி காட்டன் சாக்ஸை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு அந்த ஷூவுக்குள்ள காலைத் திணிச்சார். இது எல்லாமே பின்னாடி டாக்டர் கேட்டப்பதான் எனக்குத் தெரியும், முன்னாடி நான் கேக்கல.

முதல் ரெண்டு நாள்

ஜோப்ராவுல இறங்கும்போதே தூறல். சிக்கா போறதுக்குள்ள எல்லாரோட பொன்ச்சோவும் தொப்பல். அன்னைக்கு யாருக்கும் பெருசா பிரச்சனை இல்ல, சின்ன தூரம்தான்.

ரெண்டாவது நாள் ஜ்வாராகிட்ட ஒரு ஓடை தாண்டணும். சாதாரணமா ஷூவைக் கழட்டி செருப்பு போட்டுத் தாண்டுவாங்க, ஆனா எங்க செருப்பெல்லாம் கோவேறு கழுதை மேல ஏத்தின பைக்குள்ள, கழுதைங்க எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போயிடுச்சு. மழையில தண்ணி ஏறிட்டே இருக்கு, கைடு சீக்கிரம் சீக்கிரம்னு கத்துறார், வெறுங்கால்ல இறங்கினா கல்லு வழுக்கும், அடிச்சிட்டும் போயிடும், அதனால ஷூவோடயே இறங்குங்கன்னு சொன்னார். அந்த நேரத்துல அது சரியான முடிவுன்னுதான் இப்பவும் நினைக்கிறேன். தப்பு அந்த ஓடைல இல்ல, காலைல பை கட்டும்போது செருப்பை எங்க வச்சோம்ங்கறதுல.

முழங்கால் அளவு தண்ணி, ஷூவோட மேல் வாய் வழியா உள்ள போச்சு. வாட்டர்ப்ரூஃப் ஷூவுல இதுதான் சிக்கல், வெளியிலேருந்து வர்ற தண்ணியைத் தடுக்குற அதே துணி உள்ள போன தண்ணியை வெளிய விடாது. தம்பி நடக்க நடக்க சளக் சளக்னு சத்தம், நாங்க எல்லாம் சிரிச்சோம், அவரும் சிரிச்சார். கேம்ப் போற வரைக்கும் இன்னும் மூணு மணி நேரம் அப்படியே நடந்தார். வழில ரெண்டு மூணு தடவை "அக்கா கால் ஜில்லுன்னு வலிக்குது"ன்னு சொன்னார். போய் மாத்திக்கலாம் தம்பின்னு சொன்னேன்.

பாலு கா கேராவுல மழை விடல. மாத்து சாக்ஸ் வச்சிருந்த பையும் பாதி நனைஞ்சிருந்தது, உள்ள பிளாஸ்டிக் கவர் போடல. அவருக்கு யாரோ ஈர சாக்ஸை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள போட்டுப் படுத்தா உடம்புச் சூட்டுல காஞ்சிடும்னு சொல்லியிருக்காங்க. அது ஓரளவு உண்மைதான், வயித்துக்கு மேல இல்ல தொடை இடுக்குல வச்சுப் படுப்பாங்க. இவர் புரிஞ்சிக்கிட்டது வேற, ஈர சாக்ஸைக் கால்லயே போட்டுக்கிட்டு உள்ள படுத்துட்டார். ராத்திரி முழுக்க.

மூணாவது நாள் காலைல நான் விட்ட இடம்

காலை அஞ்சு மணி, மெஸ் டென்ட்ல டீ குடிச்சிட்டு இருக்கோம். தம்பி வந்து சொன்னதை நான் அப்பவே நோட்ல எழுதலன்னாலும் வார்த்தை மறக்கல. "அக்கா, நேத்து வலிச்சிட்டே இருந்துச்சுல, இன்னைக்கு வலியே இல்ல, மரத்துப்போச்சு. பஞ்சு மேல நடக்குற மாதிரி சூப்பரா இருக்கு."

நான் கேட்டது ஒரே கேள்வி, டயாமாக்ஸ் போடுறீங்களா. ஆமாம்னார். உயரத்துக்குப் போடுற அந்த மாத்திரைல கை விரல், கால் விரல் எல்லாம் குறுகுறுன்னு மரத்த மாதிரி இருக்கும், அது எல்லாருக்கும் தெரிஞ்ச பக்க விளைவு, எனக்கே அன்னைக்கு உதட்டைச் சுத்தி குறுகுறுன்னுதான் இருந்துச்சு. அதனால "அது மாத்திரையால தம்பி, ஒண்ணும் இல்ல"ன்னு அனுப்பிட்டேன். கை எப்படி இருக்குன்னு கேக்கல. கேட்டிருந்தா கை நல்லாத்தான் இருக்குன்னு சொல்லியிருப்பார், மாத்திரைன்னா கை எப்படி தப்பிக்கும்னு எனக்கு உறைச்சிருக்கும். ஷூவைக் கழட்டுங்கன்னு சொல்ல ஒரு நிமிஷம் கூட ஆகாது.

நேத்து வரைக்கும் புலம்பின ஆள் இன்னைக்குப் புலம்பலன்னா நமக்கு நிம்மதியாத்தான் இருக்கும். இங்க அது தலைகீழ். ஈரத்துல குளிர்ந்துகிட்டே இருக்குற கால்ல ரத்தக் குழாய் சுருங்கிடும், உடம்பு நடுப்பகுதி சூட்டைக் காப்பாத்த அது பண்ற வேலை அது. தண்ணி காத்தை விட 25 மடங்கு வேகமா சூட்டை இழுக்கும், அதனால ஐஸ் உறையற குளிர் தேவையே இல்ல, பத்துப் பதினஞ்சு டிகிரி கூடப் போதும், ஈரமும் நேரமும் இருந்தா. மணிக்கணக்கா ரத்தம் கம்மியா போனா முதல்ல அடி வாங்கறது நரம்பு. வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே ஆஃப் ஆயிடுச்சுன்னா வலி எங்கருந்து வரும்.

அன்னைக்கு நடை ஒம்போது மணி நேரம். பாஸ்கிட்ட பனித்திட்டுல ஏறினோம், மேல காத்தும் ஆலங்கட்டி மழையும். தம்பி காலைல சாப்பாடு இறங்கலன்னு பாதி ரொட்டியோட எழுந்துட்டார், மழையில ஒண்ணுக்குப் போறது கஷ்டம்னு தண்ணியும் சரியா குடிக்கல, மேல ஏறினதும் ஒரு சிகரெட். இறங்கும்போது மூணு தடவை விழுந்தார். கால் எங்க வைக்கிறோம்னு தெரியலன்னார். டயர்டுன்னு நினைச்சோம்.

சியாகோருல பார்த்தது

சாயங்காலம் அஞ்சரை. டென்ட்ல அவர் ஃப்ரெண்ட் ஷூ லேசை அவுத்து விட்டுட்டு, சாக்ஸை உருவினவர், "அக்கா, கொஞ்சம் வாங்களேன்"னு கூப்பிட்ட குரல்லயே நான் எழுந்து ஓடினேன்.

ரெண்டு காலும் கணுக்காலுக்குக் கீழ வெள்ளையா, நடுநடுவுல நீலமா திட்டுத்திட்டா. உள்ளங்கால் தோல் ரொம்ப நேரம் துணி துவைச்ச கை மாதிரி சுருங்கி மடிஞ்சிருக்கு. சாக்ஸோட கோடு கோடான பின்னல் அப்படியே தோல்ல அச்சு பதிஞ்சு, பத்து நிமிஷம் ஆகியும் போகல. தொட்டா மீன் மார்க்கெட் ஐஸ் பெட்டில கை விட்ட மாதிரி சில்லுன்னு. பெருவிரல் நகத்தை அமுக்கி விட்டா ரெண்டு செகண்டுல ரத்தம் திரும்பி செவக்கணும், இவருக்கு ஆறு ஏழு எண்ணினப்புறம்தான் லேசா நிறம் வந்துச்சு. பாதத்து மேல நாடி இருக்கு, ஆனா தேடித்தான் பிடிக்கணும். சேஃப்டி பின்னோட மொண்ணைப் பக்கத்தால குத்தினேன், கண்ணை மூடிட்டு "குத்தினீங்களா?"ன்னு கேக்குறார்.

ஃபர்ஸ்ட் எய்ட் கோர்ஸ்ல பனிக்கடி, அதாவது குளிர்ல சதையே உறைஞ்சு போற காயம், பத்திச் சொன்னது ஞாபகம் வந்துச்சு, அதுல தோல் மெழுகு மாதிரி, மரக்கட்டை மாதிரி விறைச்சிருக்கும். இது மெத்துன்னு இருந்துச்சு. டென்ட்ல தொங்கின தெர்மாமீட்டர் 5 டிகிரி, பகல்லயும் நாங்க உறைநிலைக்குக் கீழ ரொம்ப நேரம் இல்ல. சரி பனிக்கடி இல்ல, அப்ப சேத்துப்புண் மாதிரி ஏதோ, ஊறிப்போயிருக்கு, காஞ்சா சரியாயிடும்னு வாய் விட்டே சொன்னேன்.

அதை உடைச்சது தஞ்சாவூர்லேருந்து வந்த அம்மா. 50 வயசு, சின்ன வயசுல நடவுக்குப் போனவங்க. அன்னைக்கு அவங்க விரல் இடுக்கும் வெளுத்து வெடிச்சுத்தான் இருந்துச்சு. தம்பி காலைத் தூக்கி மடில வச்சுப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "இது சேத்துப்புண் இல்லம்மா. அது அரிக்கும், எரியும், ராத்திரி தூங்க விடாது. எங்கம்மா மருதாணி அரைச்சு வைப்பாங்க, அப்படியும் சொறிஞ்சுக்கிட்டே கிடப்போம். இவன் கால் பேசவே மாட்டேங்குதே."

அவங்க காலையும் தம்பி காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். அவங்க காலும் வெளுத்திருக்கு, ஆனா சூடா இருக்கு, தொட்டா உடனே இழுக்குறாங்க, நகம் உடனே செவக்குது, புண் விரல் இடுக்கோட நிக்குது. இவர் கால்ல பாதம் முழுக்கப் போயிருக்கு, உணர்வே இல்ல. முதல் உலகப் போர்ல பதுங்குகுழித் தண்ணியில நாள்கணக்கா நின்ன சிப்பாய்ங்களுக்கு வந்து, பிரிட்டிஷ் படைல மட்டும் சுமார் 75,000 பேரைப் படுக்க வச்சதா சொல்ற ட்ரெஞ்ச் ஃபூட், அதேதான் இது. உறையாம வர்ற குளிர்க் காயம்.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

முதல் கேள்வி எப்படிச் சூடேத்தறது. குக் அண்ணன் நல்ல மனசோட ஒரு பேசின் நிறைய வெந்நீர் கொண்டு வந்துட்டார், கைடு காலை நல்லா தேய்ச்சு விடுறேன் தீதின்னு உக்காந்துட்டார். ரெண்டையும் வேண்டாம்னு சொன்னேன். பனிக்கடிக்கு 37லேருந்து 39 டிகிரி தண்ணில வச்சு இளக்கறதுதான் முறை, ஆனா உறையாத காலை சட்டுனு சூடாக்கினா ஏற்கனவே பட்டினி கிடக்குற திசு இன்னும் கெடும், தேய்ச்சா ஊறின தோல் உரிஞ்சிடும். ஆளைச் சூடாக்கணும், காலைத் தானா வர விடணும். அதனால ஈர டிரெஸ் மொத்தமும் மாத்தி, தலைக்குக் குல்லா, ரெண்டு ஸ்லீப்பிங் பேக், சூப்பு, வெல்லம் போட்ட டீ, கொஞ்சம் கொஞ்சமா தண்ணி. காலை ஒத்தி ஒத்தித் துடைச்சு, விரல் நடுவுல துணியைத் திரிச்சு வச்சு, பையை மடிச்சு அது மேல உயரமா தூக்கி, காத்துப் படுற மாதிரி லேசா ஒரு காட்டன் துண்டு மட்டும் மேல. சிகரெட் பாக்கெட்டை வாங்கி என் பைல போட்டேன், அதுவும் ரத்தக் குழாயைச் சுருக்கும். சாப்பிட்டதுக்கப்புறம் ஐபுப்ரோஃபன் ஒண்ணு.

ரெண்டாவது கேள்வி, எப்படி வெளிய கொண்டு போறது. சியாகோருல சிக்னல் இல்ல. திரும்பி பாஸ் ஏறறது பேச்சுக்கே இடமில்ல. சத்ருவுக்கு நாலஞ்சு மணி நேர நடை, ஆனா காலைல கிளம்பினதுமே ஐஸ் தண்ணி ஆறு ஒண்ணு தாண்டணும், வெயில் ஏறினா பனி உருகித் தண்ணி கூடும்ங்கறதால அதை விடிகாலைலதான் தாண்டுவாங்க. தம்பி "நடந்துடுவேன்க்கா, வலியே இல்லையே"ன்னார். வலி இல்லாததுதாங்க பிரச்சனையேன்னு சொல்லிப் புரிய வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. உணர்வில்லாத காலோட பாறை ஆத்துல இறங்கினா விழுவார், விழலன்னாலும் மறுபடி ஒரு தடவை குளிர வைக்கறோம். கைடு ரெண்டு பேரும் பேசி, ஒரு கோவேறு கழுதையோட சுமையைப் பிரிச்சு மத்ததுக்கு ஏத்திட்டு, அது மேல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறதுன்னு முடிவாச்சு. இன்னொரு கைடு இருட்டுறதுக்கு முன்னாடியே சத்ரு பக்கம் கிளம்பி வண்டிக்குச் சொல்லப் போனார்.

ராத்திரி நடந்தது

இதுவரைக்கும் ஓரளவு சரியாத்தான் போச்சு. நான் மத்த எல்லாரோட காலையும் பாக்க டென்ட் டென்ட்டா போனேன், ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. அந்த ஒரு மணி நேரத்துல அவர் ஃப்ரெண்டுக்கு மனசு கேக்கல. "மச்சி கால் இன்னும் ஐஸா இருக்குடா"ன்னு கிச்சன் டென்ட்லேருந்து கொதிக்கிற தண்ணியை ஸ்டீல் பாட்டில்ல பிடிச்சு, ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள உள்ளங்காலுக்கு அணைவா வச்சிட்டார். ட்ரெக்ல எல்லாரும் பண்றதுதான், நானே பண்ணுவேன். ஆனா நல்ல கால்னா சுட்டதும் இழுத்துக்கும். இவருக்குச் சுட்டதே தெரியல, அசந்து தூங்கிட்டார். நான் திரும்பி வந்து பாட்டிலை எடுக்கும்போது இடது உள்ளங்கால் வளைவுல பிரியாணி இலை அளவுக்கு நீட்டமா கொப்புளம் எழும்பிட்டு இருந்துச்சு.

அந்தப் பையனைத் திட்ட எனக்கு வாய் வரல. ஏன் வெந்நீர் வேண்டாம்னு குக் அண்ணனுக்கும் கைடுக்கும் ஹிந்தியில விளக்கினேன், பக்கத்துலயே உக்காந்திருந்த இவனுக்குத் தமிழ்ல ஒரு வரி சொல்லல. கொப்புளத்தை உடைக்காம, ஒட்டாத டிரெஸ்ஸிங் போட்டு லூசா சுத்தினேன்.

ரெண்டு மணிக்கு மேல கால் முழிச்சுக்கிச்சு. அதுவரைக்கும் பேசாத கால் ஒரேயடியா கத்த ஆரம்பிச்ச மாதிரி. செவந்து, கொதிச்சு, கணுக்கால் எலும்பு தெரியாத அளவுக்கு வீங்கி, மேல போட்ட துண்டு பட்டாலே அலறுறார், "அக்கா அடுப்புல வச்ச மாதிரி இருக்கு, தண்ணி ஊத்துங்க"ன்னு அழுறார். இந்தக் கட்டம் வரும்னு அரைகுறையா தெரியும், இவ்ளோன்னு தெரியாது. சுருங்கிக் கிடந்த ரத்தக் குழாய் விரிஞ்சு ரத்தம் பாயற நேரம் இது, சில பேருக்கு வாரக்கணக்குல நீடிக்கும். துண்டை எடுத்துட்டு டென்ட் வாசலைக் கொஞ்சம் திறந்து காத்து விட்டதுதான் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபனும் பெருசா ஒண்ணும் கேக்கல, நரம்பு வலிக்கு அது கேக்காது.

ஆத்தைத் தாண்டி சத்ரு

காலைல ஷூ கால்ல ஏறவே இல்ல, அதனால நடக்கறேன்ங்கற பேச்சு தானா நின்னுச்சு. கழுதை மேல காலைத் தொங்கப் போட்டா வீக்கம் கூடும், குளிரும், ஆத்துத் தண்ணியும் தெறிக்கும். தஞ்சாவூர் அம்மா கொடுத்த காஞ்ச கம்பளி சாக்ஸ் லூசா, அதுக்கு மேல ரெண்டு கம்பளிக் குல்லா, அதுக்கு மேல குப்பைக் கவர், முட்டிகிட்ட இறுக்காம டேப். மத்தவங்க எல்லாம் செருப்பு போட்டு, கை கோத்து, தொடை வரைக்கும் வந்த தண்ணில தாண்டினோம், அக்கரைல எல்லாருக்கும் நானே துண்டு நீட்டி, கால் துடைச்சு காஞ்ச சாக்ஸ் மாட்டின பிறகுதான் நகர விட்டேன். கைடு சிரிச்சார். தம்பி கழுதை மேலேருந்து பாத்துட்டே இருந்தார். வழில மூணு தடவை இறக்கி, பாறைல சாய்ச்சு காலை உயர்த்தி வச்சோம்.

சத்ருல வண்டி நின்னுச்சு. பின் சீட்ல படுக்க வச்சு, அடல் டனல் வழியா மணாலி வந்து சேரும்போது மதியம் மூணு மணி.

ஆஸ்பத்திரில

மணாலில பாத்த டாக்டர் கவரைப் பிரிச்சு ஒரு நிமிஷத்துல சொல்லிட்டார், அவங்களுக்கு இது புதுசில்ல. ரெண்டு கால்லயும் நாடி நல்லா துள்ளுது, திசு சாகல, வெட்டுற கிட்டுற வேலை எதுவும் வராதுன்னார். சுட்ட புண்ணுக்கு டிரெஸ்ஸிங், டெட்டனஸ் ஊசி, கால் உயரமா, ஃபேன் காத்து, நரம்பு வலிக்கு ராத்திரில கம்மி டோஸ் அமிட்ரிப்டிலின். அன்னைக்கு ராத்திரிதான் தம்பி நாலு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கினார். டாக்டர் என்கிட்ட கேட்ட கேள்விதான் குத்துச்சு, எப்பலேருந்து உணர்வு போச்சு. மூணாவது நாள் காலைல அஞ்சு மணின்னு சொன்னேன். அப்புறமும் பாஸ் ஏறினாரான்னு கேட்டார்.

வீட்டுக்கு வந்தப்புறம்

மூணு நாள் மணாலிலயே தங்கிட்டு, ஃப்ளைட்ல வீல்சேர் போட்டுக் கூட்டிட்டு வந்தோம். ஊர்ல அவர் வீட்டுப் பக்கம் ஒரு கிளினிக்ல காமிச்சப்ப செவந்து வீங்கின காலைப் பார்த்து செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கு அடியில கிருமித் தொற்றுன்னு ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, நான் பாத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா காய்ச்சல் இல்ல, ரெண்டு காலும் ஒரே மாதிரி, மணாலி டிஸ்சார்ஜ் பேப்பர் கைல இருந்துச்சு. அதைக் காட்டி நரம்பு டாக்டர்கிட்ட போனாங்க, வலி மாத்திரை டோஸை மெல்ல ஏத்தினார்.

வீக்கம் மூணு வாரம். சுட்ட புண் ஆற அஞ்சு வாரம், ட்ரெக்ல வந்த காயத்தை விட அந்த பாட்டில்தான் நடக்க விடாம வச்சிருந்துச்சு. உள்ளங்கால் தோல் மொத்தமா உரிஞ்சு புதுசா வந்துச்சு. பைக் ஓட்ட ரெண்டு மாசம். இப்ப ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, சாதாரணமா நடக்குறார், ஓடுறார். ஆனா ஆஃபீஸ் ஏசில ரெண்டு மணி நேரம் உக்காந்தா விரல் வெளுத்துக் குத்தல் எடுக்குது, சென்னை வெயில்ல கம்பளி சாக்ஸ் போட்டுட்டு ஆஃபீஸ் போறார்னு டீம்ல கிண்டல். கால் ஒரு மாதிரி வேர்த்துக்கிட்டே இருக்கு. இது வருஷக்கணக்கா இருக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஒரு தடவை இப்படி ஆன கால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கெடும், அதனால பனி ட்ரெக் வேண்டாம்னும் சொல்லிட்டார். சிகரெட்டை விட்டுட்டார், மலையை இன்னும் விடல, மேகமலை மாதிரி இடத்துக்கு மட்டும் வர்றார்.

அன்னைக்கு யாருக்குக் கால் நல்லா இருந்துச்சு

சியாகோருல டென்ட் டென்ட்டா பாத்தேன்னு சொன்னேன்ல, அதுல ஒண்ணு சொல்லியே ஆகணும். குரூப்லயே சுத்தமா, காஞ்சு, சூடா இருந்த கால் எங்க சுகர் சாரோடது. 54 வயசு, 12 வருஷமா சர்க்கரை, கிளம்பும்போது எனக்கு அவரைப் பத்தித்தான் பயம். அவர் டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி தினமும் ராத்திரி காலைக் கண்ணாடி வச்சுப் பாக்குற பழக்கம், மலையிலயும் விடல. அரை சைஸ் பெரிய ஷூ. மூணு ஜோடி சாக்ஸ், ஒவ்வொண்ணும் தனித்தனி ஜிப் கவர்ல, அதுல ஒரு கம்பளி ஜோடி ஸ்லீப்பிங் பேக்கை விட்டு வெளிய வரவே வராது. செருப்பு அவர் முதுகுப் பைல வெளிய தொங்கிட்டு இருந்துச்சு, ஜ்வாரா ஓடைல எங்களை எல்லாம் ஷூவோட இறங்க விட்டுட்டு அவர் மட்டும் கைடுகிட்ட சண்டை போட்டு செருப்போட இறங்கினார். மதியம் சாப்பாட்டுக்கு நிக்கும்போது கூட ஷூவைக் கழட்டி சாக்ஸ் மாத்துவார், பெரியவர் ஏதோ பண்றாருன்னு நாங்க விட்டுட்டோம்.

இப்ப என்ன மாத்தியிருக்கோம்

அவர் பண்ணதைத்தான் குரூப் ரூலா போட்டிருக்கோம், வேற புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல. செருப்பு ஒவ்வொருத்தர் முதுகுலயும் வரணும், கழுதை மேல போகக்கூடாது. காட்டன் சாக்ஸ் கிடையாது, ரெண்டு சாக்ஸ் போட்டு விரலை அசைக்க முடியலன்னா அந்த ஷூ வேண்டாம். கேம்ப் போய்ச் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள்ள டீக்கு முன்னாடி கால் செக், ரெண்டு ரெண்டு பேரா, ஒருத்தர் காலை இன்னொருத்தர் தொட்டுப் பாக்கணும், தன் காலைத் தானே பாத்துக்கிறது கணக்குல வராது. முதல் உலகப் போர்ல சிப்பாய்ங்களை ஜோடி ஜோடியா பிரிச்சு, அவன் காலுக்கு நீ பொறுப்புன்னு விட்டாங்களாம், அங்கருந்து எடுத்ததுதான் இது. திமிங்கில எண்ணெய் பூசற பாகத்தை மட்டும் விட்டுட்டோம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது, அதாவது தூங்கற நேரமாவது, கால் முழுசா காஞ்ச சாக்ஸ்ல இருக்கணும்.

என் நோட்ல ஆக்சிஜன் நம்பர் பக்கத்துல இப்ப காலுக்குத் தனி கட்டம். கேக்குற கேள்வியும் மாறிடுச்சு. முன்னாடி கால் வலிக்குதான்னு கேப்பேன், இப்ப கால் தெரியுதான்னு கேக்குறேன். தெரியலன்னு சொன்னா அங்கயே ஷூ கழட்டணும், கை மரத்திருக்கான்னு பாக்கணும், சூடு காட்டற எதுவும் கால்கிட்ட போகக்கூடாது, டயாமாக்ஸ் பேச்சு அதுக்கப்புறம்தான். சுடுதண்ணி பாட்டில் நெஞ்சுக்கும் வயித்துக்கும் மட்டும், அதுவும் சாக்ஸுக்குள்ள போட்டு.

இன்னும் முடிவாகாத ஒண்ணு இருக்கு. வெள்ளம் ஏறுற ஓடைல செருப்பா ஷூவான்னு எங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி. நான் இழுத்துட்டுப் போற தண்ணின்னா ஷூவோடயே இறங்கு, அக்கரைல உக்காந்து பிழிஞ்சு மாத்துங்கற கட்சி. சுகர் சார் அதெல்லாம் வேண்டாம், பின்னாடி வார் இருக்குற செருப்பு வாங்குங்கங்கறார். அடுத்த ட்ரெக் ஜூன்ல, அதுக்கு லிஸ்ட்ல ரெண்டையும் எழுதி வச்சிருக்கேன்.